பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் காணும் முறை

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் உயர்தர வகுப்பு மாணவர் மேற்கொள்ளும் கல்விச் சுற்றுலாக்களிற் பேராதனைப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் இடம்பெறுகின்றது. இரவிற் புறப்படும் பஸ்வண்டி விடியற்காலையிற் கண்டியை அடையும். தலதா மாளிகை, கண்டி வாவி, பேராதனைத் தாவரவியற் பூங்கா என்பன ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கப்படும். வெயில் தாழ்ந்த பின்னர் வண்டி கலகா வீதியாற் பல்கலைக்கழகத்தினுட் புகும். மூதவைக் கட்டடத்தின் முன்னே எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வர். அரைமணி நேரத்தில் மீண்டும் வண்டியில் ஏறிவிடுவர். ஊர் திரும்பிய மாணவர் ஒருவரிடம் பல்கலைக்கழகம் எவ்வாறு இருந்தது என்று வினவினால், இடம் அழகானது, மரங்கள் நிறைந்தது, காற்றுக் குளிர்ச்சியானது என்று விடை கூறுவார். தாவரவியற் பூங்காவைப் பற்றி வினவினாலும் இதே விடைதான் கிடைக்கும்.

இக்குறைக்கு மாணவரை மாத்திரம் பொறுப்பாக்குதல் முறையன்று. கோயிலுக்குச் செல்லும் பிள்ளைக்கு எங்கே விழுந்து வணங்குவது, எவ்வழியே வலம் வருவது, எந்தச் சந்நிதியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பனவற்றை வீட்டார் இளமையிலேயே பழக்கிவிடுகின்றனர். பல்கலைக்கழகத்துட் காலடி எடுத்துவைக்கும் பிள்ளைக்கோ எதனைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பார் இலர். ஆதலால் அப்பிள்ளை கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றது.

இஃது ஒரு சிறு குறையே என்று தள்ளிவிட இயலாமைக்குக் காரணம் உண்டு. பிற நாடுகள் சிலவற்றில் மாணவர் தாம் விரும்பும் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியே விண்ணப்பிப்பர். அவை தாமே அவரைத் தெரிந்தெடுக்கும். இலங்கையின் முறை வேறு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே அதன் கீழுள்ள பல்கலைக்கழகங்களுக்கு உள்வாரி மாணவரைத் தெரிவு செய்கின்றது. 2001ஆம் ஆண்டு தொடக்கம் அத்தெரிவுக்கு இசட் புள்ளி அளவுகோலாயிற்று. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூறு இடங்களுள் 40 அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. இவற்றுள் எதுவும் மாணவரின் விருப்பத்துக்கு அடங்கியதன்று. எந்தக் கற்கைநெறியை எந்தப் பல்கலைக்கழகத்திற் பயில விரும்புகின்றார் என்பதை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என வரிசைப்படுத்தி எழுதும் விண்ணப்பம் ஒன்றே அவர் கையில் எஞ்சியிருப்பது.

அவ்வரிசை பெரும்பாலும் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை உயர்தர வகுப்பு ஆசிரியர் யாவரும் அறிவர். மைத்துனர் ஒருவர் அங்கே படித்தார், ரியூட்டரி ஆசிரியர் அவ்வாறு சொன்னார், அயல்வீட்டுப் பிள்ளையும் அதனையே முதலில் எழுதினார், பெயர் பெரிது. நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் வாழப்போகும் இடத்தைத் தெரிவதிற் காட்டப்படும் கவனம், ஒரு சைக்கிள் வாங்குவதிற் காட்டப்படும் கவனத்திலும் குறைவாகவே இருக்கின்றது. சைக்கிளையாவது ஒருமுறை ஏறி ஓடிப் பார்த்துத்தான் வாங்குகின்றனர். பல்கலைக்கழகத்துக்கு ஒரு நாள் சென்றுவருதல் இவ்வரிசையை அறிந்து எழுதுவதற்கு உதவுமாயின், அந்நாளைப் பூங்கா பார்த்த களைப்பின் பின் எஞ்சிய அரைமணி நேரமாக்குதல் பெரும் இழப்பாகும். வடபகுதியினின்று தரைவழியாகத் தெற்கே செல்வதே அரிதாயிருந்த ஆண்டுகளும் உண்டு. 1990களிலும், பின்னர் 2006 முதல் 2009 வரையும், கண்டி வீதி மூடப்பட்டிருந்த காலத்தில் உயர்தரம் பயின்ற மாணவர் பேராதனையைத் தம் கண்ணாற் காணாமலே விண்ணப்பத்தில் எழுதினர். ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமான அவ்வீதி இன்று ஓர் இரவிற் கடக்கக்கூடியதாய் இருக்கின்றது.

செல்வதற்கு முன்னரே சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். அவற்றுள் முதன்மையானது அவ்விடம் தோன்றிய வரலாறு. இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து 1906ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் என ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் ஜேம்ஸ் பீரிஸ், சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ ஆகியோர் அம்முயற்சியில் முன்னின்றனர். அதன் முதற் பயனாக 1921ஆம் ஆண்டு கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அக்கல்லூரி தானே பட்டம் வழங்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. முழுமையான பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்பதைப் பற்றிக் கொழும்பினர்க்கும் கண்டியை விரும்பினோர்க்கும் இடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. இறுதியிற் பேராதனை தெரிவாயிற்று. 1942ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, பல்கலைக்கழகக் கல்லூரியும் 1870ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவந்த மருத்துவக் கல்லூரியும் ஒன்றிணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தர். பத்து ஆண்டுகளின் பின், 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கலைத்துறை மாணவர் பேராதனைக்கு வந்து சேர்ந்தனர். 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் திகதி, இரண்டாம் எலிசபெத் அரசியார் வந்திருந்தபோது, திறப்புவிழா நடைபெற்றது.

இவ்வரலாற்றை அறிந்து செல்வோர்க்கு வளாகத்தின் பெயர்ப்பலகைகளே ஒரு நூலாகிவிடும். அருணாசலம் விடுதி, ஜேம்ஸ் பீரிஸ் விடுதி, மார்க்கஸ் பெர்னாண்டோ விடுதி என்பன 1906ஆம் ஆண்டுச் சங்கத்தாரை நினைவூட்டுவன. மார்ஸ் விடுதி என்பது பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராயிருந்த றொபேட் மார்ஸின் பெயரால் வழங்குவது. இராமநாதன் விடுதிக்குப் பெயர் தந்தவர் அருணாசலத்தின் தமையனார். யாழ்ப்பாணத்தில் இராமநாதன் கல்லூரியையும் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவியவரும் அவரே. பெயர்களை அறியாமல் நடப்பவர்க்கு இவை ஓடு வேய்ந்த நீண்ட கட்டடங்களாகவே தோன்றும்.

கட்டடங்கள் அமைந்த முறையும் கருதற்பாலது. பல்கலைக்கழகத்தின் பொதுத் திட்டத்தை வகுத்தவர்கள் சேர் பற்றிக் அபெர்க்குறோம்பியும் கிளிபோட் ஹொலிடேயும் ஆவர். முன்னவர் இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் மாநகரின் மறுசீரமைப்புக்குத் திட்டம் வரைந்தவர். கட்டடக் கலைஞர் சேர்லி டி அல்விஸ் என்பார் அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய இடங்களின் பழைய கட்டட மரபைத் தழுவித் தூண்களையும் கூரைகளையும் அமைத்தார். ஒரு புறம் ஹந்தானை மலைத்தொடர், மறு புறம் மகாவலி கங்கை. இவற்றுக்கு இடைப்பட்ட சரிவில் ஏறத்தாழ 700 ஹெக்டேயர் நிலம். பழைய மாணவர் விடுதிகள் விரிவுரை மண்டபங்களுக்கு நடந்து செல்லும் தூரத்தில் அமைந்திருத்தல் தற்செயலாக நேர்ந்ததன்று. மாணவர் எல்லோரும் வளாகத்திலேயே தங்கி, ஒரே மண்டபத்தில் உண்டு, விரிவுரை முடிந்த பின்னரும் ஒருவரோடொருவர் கலந்துரையாடிக் கற்றல் வேண்டும் என்பது ஜெனிங்ஸின் கருத்து. கேம்பிரிட்ஜிற் பயின்றவர்க்கு அக்கருத்து இயல்பானதே. பாடம் கேட்டுவிட்டு வீட்டுக்குச் செல்லும் இடமாகவன்றி, வாழும் இடமாகவே பேராதனை வரையப்பட்டது.

ஆகவே அங்கே செல்பவர் முதலிற் கேட்கவேண்டிய வினா, அந்தத் திட்டம் இன்று எவ்வளவுக்கு நிலவுகின்றது என்பதாகும். கலை, விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், விவசாயம், பல்மருத்துவம், மிருக வைத்தியம், முகாமைத்துவம், இணைச் சுகாதார விஞ்ஞானம் என இன்று ஒன்பது பீடங்கள் உள. மாணவர் தொகை ஜெனிங்ஸ் எண்ணியதிலும் பன்மடங்கு பெருகிவிட்டது. எல்லா மாணவர்க்கும் எல்லா ஆண்டுகளிலும் விடுதியில் இடம் கிடைப்பதில்லை. இடம் கிடைப்போரும் ஓர் அறையைப் பலருடன் பகிரவேண்டியவராவர். எந்தப் பீடத்து மாணவர்க்கு எந்த ஆண்டில் விடுதி வழங்கப்படுகின்றது, ஏனைய ஆண்டுகளில் அவர் வெளியே அறை எடுத்துத் தங்க எவ்வளவு செலவாகின்றது என்பனவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். குடும்பத்தின் வருவாய்க்கு ஏற்ற இடம் எது என்பதை அறிவதற்கு இதனிலும் பயனுள்ள வினா வேறில்லை. 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் நிதியினின்றும், பல்கலைக்கழகம் வழங்கும் உதவிப் பணத்தினின்றும் மாதந்தோறும் கையிற் சேர்வது எவ்வளவு, அது உணவுக்குப் போதுமா என்பதையும் மாணவரிடமே கேட்டறியலாம்.

செல்லும் நாளைப் பற்றியும் ஒரு சொல். விடுமுறையிலும் பரீட்சைக் காலத்திலும் செல்வதாற் பயனில்லை. பதிவாளருக்கோ உரிய பீடாதிபதிக்கோ அதிபர் முன்கூட்டியே கடிதம் எழுதி, வாரநாள் ஒன்றுக்கு அனுமதி பெறுதல் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னரே வளாகத்தை அடைதல் நன்று. தாவரவியற் பூங்காவை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிடலாம். அப்பூங்காவும் 1821ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மூன் என்பாரால் ஆய்வுக்கெனவே அமைக்கப்பட்டது. உயிரியல் பயிலும் மாணவர் குறிப்பேட்டுடன் சென்றால் ஒரு முழுநாளும் அதற்குப் போதாது. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்போர் இரண்டையும் இழப்பர்.

எல்லா மாணவரும் ஒரே கூட்டமாகத் திரிவதையும் தவிர்த்தல் வேண்டும். நாற்பது பேர் ஒருமிக்கச் சென்றால் முன்வரிசையில் நிற்போர்க்கு மாத்திரம் செவி கேட்கும். கணிதப் பிரிவினர் மகாவலிக்கு அப்பாலுள்ள பொறியியற் பீடத்துக்கும், உயிரியற் பிரிவினர் மருத்துவ, விவசாய பீடங்களுக்கும், கலைப் பிரிவினர் கலைப்பீடத்துக்கும் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து செல்லல் தகும். பொறியியற் பீடம் 1950ஆம் ஆண்டிற் கொழும்பிலே தொடங்கி 1960களின் நடுப்பகுதியிலேதான் பேராதனைக்கு வந்தது. அக்பர் பாலத்தைக் கடந்து நடக்கும்போது, ஒரு பல்கலைக்கழகத்தின் இரு கரையினரும் ஒருவரையொருவர் நாள்தோறும் காணுதல் எளிதன்று என்பது மாணவர்க்குத் தானே விளங்கும்.

ஒவ்வொரு குழுவும் அனுமதி பெற்று முதலாம் ஆண்டு விரிவுரை ஒன்றில் இருந்து கேட்குமாயின், அன்றைய நாளின் பெரும் பயன் அதுவே எனலாம். தமிழ்மொழி மூலம் உயர்தரம் பயின்ற மாணவர், விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளை அங்கே ஆங்கிலத்திலே கற்றல் வேண்டும். இதனை எல்லோரும் கேள்வியால் அறிவர். ஆயினும் விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து ஒரு மணிநேரம் கேட்கும்வரை அதன் பொருளை உணரார். பொருளை முற்றாக விளங்குதல் வேண்டுமென்பதில்லை. விரிவுரையாளர் கூறிய வசனங்களுட் பத்தில் எத்தனை செவியிற் பட்டன, கரும்பலகையிலோ திரையிலோ எழுதப்பட்ட சொற்களுள் எத்தனை தமிழில் முன்னரே அறிந்த கருத்துகள் என்று கணக்கிட்டுப் பார்த்தாற் போதும். 'சடத்துவம்' என்றும் 'உந்தம்' என்றும் இரண்டு ஆண்டுகள் படித்த பௌதிகமே வேற்றுமொழிப் போர்வையில் வந்து நிற்பதைக் காண்பவர், அச்சங்கொள்வதினும் ஆங்கிலத்தை எவ்விடத்தினின்று தொடங்குவது என்பதை அறிவார். பரீட்சை எழுதியதற்கும் பல்கலைக்கழகம் புகுவதற்கும் இடைப்பட்ட நீண்ட மாதங்கள் எதற்கு உரியன என்பதும் அப்போது தெளிவாகும். கலைப்பீடத்திற் பல பாடங்களைத் தமிழிலே கற்கலாம். எந்தெந்தப் பாடங்கள் எந்தெந்த மொழியிற் கற்பிக்கப்படுகின்றன என்பதை அந்தந்தத் துறையின் வாயிலிலேயே கேட்டறிதல் வேண்டும். இதனைக் கேளாமற் பாடம் தெரிந்து, முதலாம் ஆண்டு முடிவில் வருந்துவோர் உளர்.

விரிவுரைக்கு அடுத்ததாகப் பார்க்கவேண்டியது எவரும் பார்க்காத ஒன்று, துறைகளின் அறிவித்தற் பலகை. ஆய்வுகூட நேரங்கள், ஒப்படைகளின் இறுதி நாள்கள், வரவு குறைந்தோரின் சுட்டெண்கள், வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் கருத்தரங்கு, நாடகக் குழுவுக்கு ஆள் சேர்த்தல் முதலிய அனைத்தும் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். கல்லூரியில் மணியடித்தால் ஆசிரியர் வகுப்புக்கு வருவார். அங்கேயோ மாணவர் தாமே நேரசூசியை வாசித்து, தாமே இடத்தைத் தேடிச் செல்லல் வேண்டும். வராதவரை யாரும் வீட்டுக்கு ஆளனுப்பித் தேடார். தன்பொறுப்பிற் கற்றல் என்று மேடைகளிற் கூறப்படுவதன் நடைமுறை உருவம் அந்தப் பலகையே.

நூலகத்தில் ஒரு மணிநேரமாவது தங்குதல் வேண்டும். வாயிலில் நின்று பார்த்துத் திரும்புதல் போதாது. பேராதனை நூலகம் பல பீடங்களின் நூல்களோடு ஏட்டுச்சுவடித் தொகுதியையும் காத்துவருவது. இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைப் பெறும் உரிமையுடைய நூலகங்களுள் ஒன்று. அங்கே நூலகராயிருந்த எச். ஏ. ஐ. குணத்திலக்க, இலங்கையைப் பற்றி வெளிவந்த நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் பல தொகுதிகளாக ஒரு பட்டியல் தொகுத்தார். அதன் முதற்றொகுதிகள் 1970ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒரு மனிதர் நூல்களின் நடுவே வாழ்ந்து எதனைச் செய்யலாம் என்பதற்கு அது சான்று. ஒவ்வொரு மாணவரும் செல்லுமுன் தமது பாடத்தில் தமக்கு விளங்காதிருந்த ஒரு வினாவைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதற்கு விடை கூறும் நூலை அங்கே தேடிப் பார்க்க நூலகரின் அனுமதியைப் பெறலாம். சங்கிலி மன்னனின் காலம் பற்றிய கருத்து வேறுபாடு ஆகலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் அடியில் நன்னீர் நிற்கும் விதம் ஆகலாம். பாடநூல் இரண்டு வரியிற் சொல்லி முடித்ததைப் பற்றி ஓர் இறாக்கை நிறைய நூல்கள் இருப்பதையும், அவை ஒன்றோடொன்று முரண்படுவதையும் காணும் மாணவர்க்கு, உயர்தர வகுப்பிற் கிடையாத ஒரு கல்வி அந்த ஒரு மணிநேரத்திற் கிடைக்கின்றது.

பின்னர் மாணவரோடு பேசுதல். பீடாதிபதியிடம் வசதிகளைப் பற்றிக் கேட்டால், கையேட்டில் அச்சிட்டிருப்பதையே அவரும் கூறுவார். அது அவர் கடமை. சென்ற ஆண்டு அதே கல்லூரியினின்று போன மாணவரைத் தேடிப்பிடித்து, நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை என்னென்ன செய்தீர் என்று கேட்டல் வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தார், காலையுணவு எங்கே, எத்தனை விரிவுரை, ஆய்வுகூடத்தில் எவ்வளவு நேரம், மாலையில் எங்கே இருந்தார், இரவில் எவ்வளவு நேரம் படித்தார், எத்தனை மணிக்கு மின்விளக்கை அணைத்தார் என்று வரிசையாகக் கேட்டால் உண்மை வெளிவரும். இங்கே படிப்பு எப்படி என்று பொதுவாகக் கேட்டால், பரவாயில்லை என்னும் பொதுவான விடையே வரும். ஒருவரை மாத்திரம் கேட்டு முடிவுகொள்ளலும் ஆகாது. விரும்பிச் சேர்ந்தவர் ஒருவரையும், வேறு துறையை விரும்பி இடம் கிடையாமற் சேர்ந்தவர் ஒருவரையும் கேட்டல் நன்று.

பகிடிவதையைப் பற்றிக் கேட்கப் பலர் கூசுவர். கூசாமற் கேட்டல் வேண்டும். கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. சட்டம் இருப்பதால் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று எண்ணுதல் பேதைமை. புதிய மாணவர் எவ்விடத்தில், எவ்வேளையில் தொல்லைக்கு ஆளாகின்றனர், முறையிட வேண்டுமாயின் யாரிடம் செல்வது என்பன பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை. மகளைத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய்க்கு, மலைக்காட்சியின் படத்தினும் இவ்விடயம் பற்றிய தெளிவான செய்தியே தேறுதல் தரும்.

மாலை வேளையை வளாகத்தின் பொதுவாழ்வைக் காண்பதற்கு விடுதல் தகும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்து மாணவரும் பல மாவட்டங்களினின்று வந்து ஒரே விடுதியிற் பல ஆண்டுகள் வாழும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே. மொழி அறியாமையால் ஒருவரையொருவர் ஒதுங்கி வாழ்ந்து பட்டம் பெற்று வெளியேறுதலும் அங்கே இயலும்; சிங்களத்தை ஓரளவு கற்று நட்பைப் பெறுதலும் இயலும். எதிரிவீர சரத்சந்திரவின் பெயரால் வழங்கும் திறந்தவெளி அரங்கைப் பார்க்கும்போது ஒரு செய்தியை நினைவுகூரல் பொருந்தும். பழைய நாடக மரபைத் தழுவி அவர் ஆக்கிய 'மனமே' 1956ஆம் ஆண்டு மேடையேறியது; அதில் நடித்தோர் பல்கலைக்கழக மாணவர். அதே பல்கலைக்கழகத்தில் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். மட்டக்களப்பின் கிராமத்துக் களரியில் ஆடப்பட்டு வந்த கூத்து, கற்றோர் அவையில் மதிப்புப் பெற்றமைக்குப் பேராதனை வழியாயிற்று. சிங்கள நண்பரின் முயற்சியை அருகிருந்து கண்டமை தமிழ்ப் பேராசிரியருக்கு ஊக்கந் தந்தது என்பர். ஒரே இடத்தில் வாழ்தலின் பயன் இதுபோன்றது.

மலைச்சரிவில் இந்து மாணவர் சங்கத்தின் முயற்சியால் எழுந்த குறிஞ்சிக் குமரன் ஆலயம் உண்டு. பௌத்தர்க்கும் கிறித்தவர்க்கும் இஸ்லாமியர்க்கும் அவரவர் வழிபாட்டிடங்கள் வளாகத்திலேயே உள. குமரன் சந்நிதியில் மாலைப் பூசைக்கு வரும் மாணவரோடு உரையாடிய பின்னர் ஊர் திரும்புதல் யாழ்ப்பாணத்து மாணவர்க்குப் பிடித்தமானதாய் இருக்கும். காலையிற் கேட்கத் தவறிய வினாக்களையும் அங்கே கேட்டுவிடலாம்.

இத்தனையும் பார்த்து வந்தோர் அனைவரும் பல்கலைக்கழகம் புகப்போவதில்லை. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து விண்ணப்பிக்கும் தகுதி பெறுவோரிலும் பெரும்பகுதியினர்க்கு உள்வாரி இடம் கிடைப்பதில்லை. சுற்றுலா வண்டியில் அருகருகே இருந்து பாடிக்கொண்டு சென்றோருட் சிலர், ஆசிரியத் தொழிலோ எழுதுவினைஞர் வேலையோ பார்த்துக்கொண்டு, இரவில் விளக்கொளியிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெறுவர். இலங்கையில் இது புதிய வழியன்று. இலண்டன் பரீட்சைக் காலந்தொட்டு எத்தனையோ பேர் அவ்வாறே பட்டதாரிகள் ஆயினர். அவர்க்கு விரிவுரை மண்டபமும் இல்லை. விடுதித் தோழரும் இல்லை. கிடைத்த பாடத்திட்டமும் கைமாறி வந்த குறிப்புகளுமே உண்டு. அத்தகையோர்க்கு வாழ்நாளில் ஒருமுறை வளாகத்தைக் கண்ட அந்நாளே எஞ்சும். எந்த நூலை எவ்வாறு தேடுவது, ஒரு கருத்துக்கு மறுகருத்து உண்டு என்பதை எவ்வாறு அறிவது என்பவற்றை அன்று கற்றுக்கொண்டவர், பல ஆண்டுகளின் பின் வீட்டுத் திண்ணையில் தனியே படிக்கும்போதும் அவற்றைப் பயன்படுத்துவார். படம் மட்டும் எடுத்து வந்தவர்க்குப் படமே உண்டு. ஆதலால், உள்வாரி இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத மாணவரை இத்தகைய பயணங்களினின்று விலக்குதல் சில இடங்களில் நிகழ்வது பெருந்தவறாகும். முதலில் ஏற்றவேண்டியவர் அவரே.

பயணத்தின் மறுநாளே ஒவ்வொருவரும் தாம் கண்டவற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிடல் வேண்டும். ஒரு வாரம் தாழ்த்தினால் குளிர்காற்று மாத்திரமே நினைவில் நிற்கும். குழுக்கள் தமக்குள் குறிப்புகளை மாற்றிப் படித்தால் ஒருவர் காணாததை மற்றவர் கண்டிருப்பது தெரியவரும்.

இன்னும் ஒரு செயல் எஞ்சியுள்ளது. 320 கிலோமீற்றர் சென்று பேராதனையைக் கண்டு வந்த மாணவருட் பெரும்பாலோர், திருநெல்வேலியில் நாள்தோறும் தாம் கடந்து செல்லும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உட்புறத்தைக் கண்டதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டு நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் நிலத்தில், 1974ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. வளாகம் என்னும் சொல் தமிழ்மக்களிடையே இத்துணைப் பரவியதும் அக்காலத்திலேதான். அதன் முதற்றலைவர் பேராசிரியர் க. கைலாசபதி, 1979ஆம் ஆண்டு அது தனிப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தரானவர் வித்தியானந்தன். இருவரும் பேராதனையில் ஆசிரியராய் இருந்தவர்கள். பரமேசுவரன் ஆலயம் அதன் முன்றிலிலேயே உள்ளது. மருத்துவபீடம் 1978ஆம் ஆண்டிலிருந்து இயங்குகின்றது. விவசாய, பொறியியற் பீடங்கள் கிளிநொச்சியில் உள. நுண்கலைகள் மருதனார்மடத்திற் கற்பிக்கப்படுகின்றன. வீட்டிலிருந்தே சென்றுவரும் மாணவரின் நாளும், பேராதனை விடுதி மாணவரின் நாளும் வேறு வேறானவை. ஒன்றிற் செலவு குறைவு, மற்றதிற் பழக்கம் மிகுதி. அவ்விரண்டையும் ஒரே வினாக்களாற் கேட்டு, ஒரே குறிப்பேட்டில் இடப்பக்கத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் மற்றதுமாக எழுதி வைத்தல் வேண்டும். திருநெல்வேலிக்குப் பஸ்வண்டி ஒழுங்கு செய்ய வேண்டியதில்லை. ஒரு வாரநாட் காலையிற் சைக்கிளிற் சென்று, எட்டு மணி விரிவுரைக்கு அனுமதி கேட்டாற் போதும்.